பட்டம் வாங்கிய பிறகு என்ன? மொரீஷியஸில் ஒரு தமிழ் மாணவியின் நாட்கள்

தமிழில் பட்டப்படிப்பு படிக்கிறேன் என்று மொரீஷியஸில் யாரிடம் சொன்னாலும் அடுத்து ஒரே கேள்விதான் வரும். "அப்புறம் என்ன செய்யப் போறே?" கோயிலில் பிரசாத வரிசையில் கேட்பார்கள். கல்யாண வீட்டில் வாழை இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்பார்கள். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். எல்லோரும் இங்கே பேச்சுமொழியான கிரியோலில்தான் கேட்கிறார்கள், நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் முதல் இரண்டு வருடமும் அந்தக் கேள்வி வந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். இப்போது மூன்றாம் ஆண்டு. பதில் இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கவலையை வைத்துக்கொண்டு நாட்களை எப்படி நன்றாக ஓட்டுவது என்பது கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

நான் தெற்கே காம் தியாப்ல் பக்கத்துப் பெண். சுற்றிலும் கரும்பு, நடுவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர். படிப்பது மோக்காவில், மகாத்மா காந்தி நிறுவனத்தில். 1970இல் அடிக்கல் நாட்டி 1976இல் திறந்த இடம் அது. இந்திய மொழிகளும் சீனமும் கர்நாடக சங்கீதமும் பரதமும் ஒரே வளாகத்தில் நடக்கும். நாங்கள் குறுந்தொகை படித்துக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ மிருதங்கம் கேட்கும். எனக்கு அந்த இடத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஊரிலிருந்து அங்கே போய்ச் சேர்வதே ஒரு வேலை. விடிவதற்குள் எழுந்து முதல் பேருந்தில் ரோஸ் பெல், அங்கிருந்து கியூர்பிப், பிறகு மெட்ரோ. ரோஸ் ஹில்லில் இறங்கி ரெதுயி போகும் வண்டிக்கு மாற வேண்டும். கடைசியில் மோக்காவுக்கு இன்னொரு பேருந்து. மெட்ரோ கியூர்பிப் வரைக்கும் வந்ததே 2022இல்தான். ரெதுயிக் கிளை 2023 ஜனவரியில் திறந்தது. அதற்கு முன் படித்த அக்காமார் முழு தூரமும் பேருந்திலேயே போய் வந்தவர்கள். 2005 முதல் மாணவர்களுக்குப் பேருந்து இலவசம். 2019இலிருந்து அரசு நிறுவனங்களில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணமும் கிடையாது. இந்த இரண்டும் இல்லையென்றால் எச்.எஸ்.சி. முடித்த கையோடு நான் ஏதாவது கடையில் நின்றிருப்பேன். வீட்டு நிலைமை அப்படி.

இவ்வளவு நேரம் வழியில் போவதால் அந்த நேரத்தைப் பிரித்துப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டேன். பேருந்தில் படிக்க முடியாது. ரோஸ் பெல் சாலையின் வளைவுகளில் புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றும். அதனால் இரவே என் குறிப்புகளை நானே வாய்விட்டுப் படித்து ஃபோனில் பதிவு செய்து வைப்பேன். காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்பேன். தொல்காப்பிய நூற்பா மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டியவற்றுக்கு இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை. மெட்ரோவில் படிக்கலாம், வண்டி ஆடாது. மாலையில் திரும்பும்போது எதையும் படிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். அந்த நேரம் தூங்குவதற்கும் தோழிகளோடு பேசுவதற்கும்தான்.

தூரத்திலிருந்து வருகிறவர்கள் பையில் எப்போதும் ஒரு குடையும் ஒரு ஸ்வெட்டரும் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் வெயில் கொளுத்தும், கியூர்பிப்பில் இறங்கினால் தூறல், மோக்காவில் குளிர்காற்று. ஒரே காலைப் பொழுதில் மூன்று பருவத்தையும் பார்த்துவிடலாம். நனைந்த காலணியோடு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தால் மறுநாள் காய்ச்சல் நிச்சயம்.

மழைக்காலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் இங்கே புயல் பருவம். எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை படிப்படியாக ஏறும். ஆனால் எச்சரிக்கையின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. 2013 மார்ச் 30 அன்று தலைநகர் போர்ட் லூயியில் புயலே இல்லை, திடீர் மழை. வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள், சிலர் சுரங்கப்பாதையிலேயே சிக்கிக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது அதே நகரத்தில் கார்கள் மிதந்து போனதை எல்லோரும் ஃபோனில் பார்த்தோம். அதனால் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வானம் கறுத்து, வகுப்பு பாதியில் முடியும் என்ற பேச்சு கிளம்பினாலே போர்ட் லூயி பக்கம் போவதில்லை, நேராக வீட்டுக்கு. வழியில் மாட்டிக்கொண்டால் தங்குவதற்கு வாக்குவாவில் சித்தி வீடு இருக்கிறது. தூரத்திலிருந்து வரும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே இப்படி ஒரு வீட்டைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எண்ணை உங்கள் அம்மாவிடமும் கொடுத்து வையுங்கள்.

மதியச் சாப்பாடு பெரும்பாலும் வீட்டிலிருந்து வரும். வெள்ளிக்கிழமை மட்டும் தால் பூரி. வண்டிக்காரர் துணியை விலக்கி, ஆவி பறக்கும் அடுக்கிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து உள்ளங்கையில் விரிப்பார். மொச்சைக் கறி ஒரு கரண்டி, ருகாய் என்ற தக்காளிக் குழம்பு ஒரு கரண்டி, பச்சைக் கொத்துமல்லிச் சட்னி, மிளகாய் வேண்டுமா என்று தலையை அசைத்து ஒரு கேள்வி. சுருட்டித் தாளில் மடித்துக் கையில் கொடுக்கும்போது அடுத்த ஆளின் ஜோடி ஏற்கனவே விரிந்திருக்கும். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சாறு முழங்கை வரை வழியும். தைப்பூச காவடிக்கு முன்னால் பத்து நாள் விரதத்தில் வெளியே எதையும் தொடுவதில்லை. அந்த நாட்களில் மற்ற துறைப் பிள்ளைகள்கூட எங்கள் முன்னால் கோழி சாப்பிடத் தயங்குவார்கள். நாங்கள் கேட்டதே இல்லை, அவர்களாகவே அப்படி நடந்துகொள்கிறார்கள். இந்த நாட்டில் எனக்குப் பெருமையான விஷயம் அது.

சரி, கவலைக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு ஒரே ஆசை, எனக்கு அரசாங்க வேலை கிடைக்க வேண்டும். இதை நான் பழைய காலத்து எண்ணம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு தாத்தாவின் கதையைக் கேட்டேன். தாத்தா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். அவர் அப்பாவும் கரும்பில்தான். ஒரு காலத்தில் இந்தத் தீவில் இருநூறுக்கு மேல் ஆலைகள் இருந்தன. ஒவ்வொன்றாக மூடி, சேர்த்து, இப்போது மூன்றே மூன்று. 2000க்குப் பிறகு ஐரோப்பா சர்க்கரைக்குக் கொடுத்துவந்த நல்ல விலை குறையப் போகிறது என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், பணமும் ஒரு துண்டு நிலமும். எங்கள் வீடு நிற்பது அந்த நிலத்தில்தான். தலைமுறை தலைமுறையாக இருக்கும் என்று எல்லோரும் நம்பிய வேலை, அப்பாவின் கண் முன்னாலேயே போனது. அவர் அரசாங்க வேலை, அரசாங்க வேலை என்று சொல்வது அதனால்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் வீட்டில் பேச்சின் தொனியே மாறியது. நான் அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டு, எந்த அரசாங்க வேலை, அதற்கு என்ன வழி என்று அவரோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். பெற்றோரோடு எதிர்காலத்தைப் பற்றிச் சண்டை வருகிறவர்கள் ஒருமுறையாவது அவர்கள் எந்த வேலை போவதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கவலை எதனால் பெரிதாகிறது என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது இதுதான்: நாம் வேலைகளைப் பெயராகத்தான் அறிந்திருக்கிறோம். ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், வானொலி, கால் சென்டர், கனடா. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் பயம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஐயா ஒருவர் இரண்டாம் ஆண்டில் ஒரு யோசனை சொன்னார். "அந்த வேலையைச் செய்கிறவரிடம் போய், வேலை நல்லதா கெட்டதா என்று கேட்காதே. நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள் என்று கேள்." இந்த மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை அதுதான்.

அப்படியே கேட்க ஆரம்பித்தேன். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று. மொரீஷியஸ் சின்ன ஊர். இரண்டு பேரைத் தாண்டினால் யாரையும் பிடித்துவிடலாம். நான் கேட்பது எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், அதிக நேரம் எதில் போனது, எந்த நேரத்தில் சலிப்பு வந்தது, இந்த வேலைக்குள் எப்படி நுழைந்தீர்கள், நுழைவதற்கு எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள், காத்திருந்த காலத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. அதைக் கேட்டவுடன்தான் ஆட்கள் உண்மையாகப் பேசத் தொடங்குகிறார்கள்.

தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஓர் அக்கா, பட்டம் முடித்த பிறகு தற்காலிக ஆசிரியராகப் பள்ளிக்குப் பள்ளி மாறி வேலை பார்த்தபடியே நிரந்தர வேலைக்காகக் காத்திருந்தார். அவர் சொன்னதில் மூன்று விஷயம் என் நோட்டில் இருக்கிறது. பொதுச் சேவை ஆணையம் விளம்பரம் போட்டால் விண்ணப்பிக்க அதிக நாள் இருக்காது. அதனால் பிறப்புச் சான்றிதழ், எஸ்.சி. (ஸ்கூல் சர்டிபிகேட்), எச்.எஸ்.சி. தேர்வுச் சான்றிதழ் நகல்கள் எல்லாம் இப்போதே ஒரு கோப்பில் தயாராக இருக்க வேண்டும். நேர்முகத்தில் தமிழ் மட்டும் போதாது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தடுமாறாமல் பேச வர வேண்டும். மூன்றாவது, ஒரு தமிழாசிரியர் பெரும்பாலும் ஒரே வகுப்பில் பல நிலைப் பிள்ளைகளைச் சமாளிக்கிறார். வீட்டில் தமிழ் கேட்டே இராத பிள்ளைக்கும் கோயிலில் தேவாரம் பாடும் பிள்ளைக்கும் ஒரே பாடம். "இலக்கணம் தெரிஞ்சா மட்டும் பத்தாதும்மா, விளையாட்டா சொல்லிக்கொடுக்கத் தெரியணும்," என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் கோயிலில் சனிக்கிழமை மாலைத் தமிழ் வகுப்புக்கு உதவப் போகிறேன். சம்பளம் கிடையாது. ஆனால் குழந்தைகள் முன்னால் நிற்கும் பழக்கம் புத்தகத்தில் வராது.

எபெனில் கால் சென்டரில் இருக்கும் என் பள்ளித் தோழி வேறு கதை சொன்னாள். அவள் பேசுவது முழுக்கப் பிரான்ஸ் வாடிக்கையாளர்களோடு. அங்கே கோடையில் நமக்கு இரண்டு மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் மூன்று. அவர்கள் மாலை ஆறு மணிக்கு முடிக்கும்போது நமக்கு எட்டு, இல்லை ஒன்பது. அந்த நேரத்தில் எங்கள் ஊருக்குப் பேருந்து எது? அவள் வேலை செய்யும் இடத்தில் வேனில் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். வேலைக்குச் சேருவதற்கு முன் சம்பளத்தைக் கேட்பதுபோல இதையும் கேட்க வேண்டும் என்றாள். சம்பளம் மாதா மாதம் சரியாக வருகிறது, வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்துவிட்டாள். ஆனால் நாள் முழுக்கக் கோபமான குரல்களைக் கேட்டு வந்தால் வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றும் சொன்னாள். எனக்கு அது ஒத்துவராது என்று அன்றே தெரிந்துவிட்டது. அவளுக்கு ஒத்துப்போகிறது. இரண்டும் சரிதான்.

இந்தியாவிலிருந்து வரும் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருக்கும் ஓர் அண்ணனிடமும் கேட்டேன். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வருவது உண்மை. ஆனால் இந்தியும் ஆங்கிலமும் இல்லாமல் தமிழை மட்டும் வைத்து ஓட்ட முடியாது, பருவம் இல்லாத மாதங்களுக்குப் பணம் சேர்த்து வைக்க வேண்டும் என்றார். வெளிநாடு போன உறவினர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். போனவர்கள் எல்லாரும் நன்றாக இருப்பதாகவே படங்களில் தெரியும். தனியாகப் பேசினால் வாடகையும் குளிரும்தான் முதலில் வரும். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிறவர்கள் படத்தை நம்பிப் போக வேண்டாம்.

ஒரு விஷயம் எனக்குக் கோபம் தருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் ஆள் இல்லை என்று வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் ஆட்களை வரவழைக்கிறார்கள். அதே நாட்டில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் வீட்டில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இளைஞர்களுக்கு உழைக்க மனமில்லை என்று பெரியவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பதினைந்து வருடம் நம்மைப் பரீட்சைக்காகவே ஓட வைத்தவர்கள், பள்ளி விட்டதும் டியூஷன், சனி ஞாயிறும் டியூஷன் என்று அனுப்பியவர்கள், பரீட்சை முடிந்த பிறகு என்ன என்பதைப் பேசவே இல்லை. அந்தப் பேச்சை இப்போது நாங்களே எங்களுக்குள் நடத்த வேண்டியிருக்கிறது.

அந்தப் பேச்சு எங்களுக்கு நடந்தது வகுப்பறையில் அல்ல, லெ பூஸ் மலையில். கட்டைவிரல் மாதிரி நிற்கும் அந்த உச்சி 812 மீட்டர். மோக்காவில் வகுப்பறை ஜன்னலிலிருந்து அந்தப் பக்கத்து மலைத்தொடரைத் தினமும் பார்க்கிறோம், ஏறியதில்லை. இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில் எங்கள் வகுப்பே கிளம்பியது. செயின்ட் பியேர் பக்கம் கரும்புத் தோட்டத்துக்குள் நுழைந்து நடந்தால் பாதை மெல்ல மெல்ல ஏறும். முதல் பகுதியில் இரண்டு பக்கமும் கரும்பு ஆளுயரம்; பிறகு காட்டுக் கொய்யாப் புதர்; அதன் பிறகு சிவப்பு மண். கடைசித் துண்டில் கையையும் பயன்படுத்திப் பாறையில் ஏற வேண்டும். மேலே போனால் ஒரு பக்கம் போர்ட் லூயித் துறைமுகம், கப்பல்கள் எல்லாம் பொம்மை அளவில். மறுபக்கம் மோக்காவின் பச்சை. எதிரில் பீட்டர் போத் மலை, தலையில் அந்தப் பெரிய உருண்டைப் பாறையோடு.

அதே மலையில் 1836 மே மாதத்தில் சார்லஸ் டார்வின் ஏறியிருக்கிறார். எங்களோடு வந்த ஒரு தம்பி அதைச் சொன்னான். அப்போது டார்வினுக்கு வயது 27. வீட்டில் மருத்துவம் படிக்க அனுப்பினார்கள், பாதியில் விட்டார். பாதிரியார் ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள், பட்டம் வாங்கிய பிறகு கப்பல் ஏறிவிட்டார். அந்த மலையில் நின்றபோது அவர் கையில் வேலை என்று ஒன்றும் இல்லை. இதைக் கேட்டதும் எங்களில் ஒருத்தி, வகுப்பிலேயே அதிகம் பேசாதவள், "எனக்குத் தமிழாசிரியர் ஆக விருப்பம் இல்லை, வீட்டில் சொல்லப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசினோம். இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் யாரும் யாரிடமும் சொல்லாத விஷயங்கள். நடந்து களைத்த பிறகு, முகத்துக்கு முகம் பார்க்காமல் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மனம் தானாகத் திறக்கிறது போலிருக்கிறது. அந்தப் பெண் இப்போது மொழிபெயர்ப்புப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். வீட்டில் சொல்லும்போது நாங்கள் இரண்டு பேர் கூடப் போனோம்.

லெ பூஸ் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மே முதல் செப்டம்பர் வரை நல்லது. காலையிலேயே ஏறத் தொடங்குங்கள், மதியத்துக்கு மேல் மேகம் உச்சியை மூடிவிடும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் போகாதீர்கள். அந்தச் சிவப்பு மண்ணில் இறங்கும்போதுதான் வழுக்கும். வழியில் கடை எதுவும் கிடையாது, தண்ணீர் அவரவர் சுமக்க வேண்டும். பாறைப் பகுதியில் பயப்படுகிறவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அதற்குக் கீழே உள்ள மேட்டிலிருந்தே காட்சி அருமையாக இருக்கும். அவர்களோடு ஒருவர் கீழேயே தங்கிவிடுவது நல்லது.

கடற்கரைக்குப் போவது எங்களுக்கு வேறு மாதிரி. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வேன் பிடித்து, பெரிய பாத்திரத்தில் பிரியாணியோடு காலையிலேயே போய் நிழலில் இடம் பிடிக்க வேண்டும். ராவான் மேளத்தை யாராவது கொண்டு வருவார்கள், எங்கள் தீவின் ஆட்டமான செகா தொடங்கினால் வெட்கப்படுகிறவர்களும் எழுந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் வீட்டில் அனுமதி வாங்க எங்களிடம் ஒரு வழி உண்டு: வேன் ஓட்டுபவரின் எண், திரும்பும் நேரம், கூட வருகிறவர்களின் பெயர் எல்லாவற்றையும் எழுதி முதல் நாளே அம்மாவிடம் கொடுத்துவிடுவது. கேட்பதற்கு முன் கொடுத்தால் மறுப்பது குறைவு. குளிப்பதற்குப் பவளத்திட்டுக்குள் அமைதியாக இருக்கும் கடற்கரைகளுக்கே போங்கள். எங்கள் தெற்குப் பக்கம் சுயாக்கில் கிரி கிரி என்ற இடம் பார்க்க அவ்வளவு அழகு; ஆனால் அங்கே பவளத்திட்டு இல்லை, அலை நேராகக் கரையில் மோதும். அங்கே நிற்கலாம், பார்க்கலாம், படம் எடுக்கலாம். தண்ணீரில் இறங்கக் கூடாது.

வெளியே போவதற்குப் பணம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். நான் ஊரில் இரண்டு குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதில் ஒரு பகுதி ஃபோன் டேட்டாவுக்கும் நகல் எடுப்பதற்கும் போகும். ஒரு பகுதி அம்மாவிடம். மிச்சம் சின்ன டப்பாவில். டப்பாவில் இருப்பதைத் தாண்டி எந்த உலாவுக்கும் போவதில்லை. கடன் வாங்கிப் பிக்னிக் போனால் திரும்பி வந்ததும் அந்தச் சந்தோஷம் போய்விடும். என் தோழிகளில் சிலருக்கு அதுவும் முடியாது. அதனால் எங்கள் குழுவில் செலவு இல்லாத உலா ஒன்று, செலவு உள்ளது ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். மலை, பம்பிள்மூஸ் பக்கம் ஒரு நடை, யாராவது வீட்டில் சமையல். பணம் இல்லாததால் யாரும் விலகிப் போய்விடக் கூடாது.

எனக்கு வழி கொஞ்சம் தெளிவானது ஆவணக் காப்பகத்தின் வழியாக. எங்கள் வளாகத்திலேயே இந்தியக் குடியேறிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. 1834 தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக வந்த நாலரை லட்சம் பேர் அளவுக்கு எண்ணிட்டுப் பெயர், வயது, ஊர், கப்பல் எல்லாம் எழுதி வைத்த பெரிய பெரிய ஏடுகள். பலருக்குப் புகைப்படமும் உண்டு. மக்கள் தாத்தா பாட்டியின் சான்றிதழோடு வந்து முன்னோரின் பதிவைத் தேடி நகல் வாங்கிப் போவார்கள். ஒரு நாள் மாலை பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் அப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பையில் தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "மகளே, இது எந்த ஊர்?" என்று கிரியோலில் கேட்டார். சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த கப்பல். மாவட்டம் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் 'சிங்கிள்புட்' மாதிரி ஏதோ எழுதியிருந்தது. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது. செங்கல்பட்டு என்று சொல்லி, ஃபோன் வரைபடத்தில் காட்டினேன். கிராமத்தின் பெயர் இன்னும் சிக்கலாக இருந்தது. கடைசியில் முடிகிற எழுத்துகள் 'பாக்கம்' என்பதுதான் என்று மட்டும் சொல்ல முடிந்தது; அந்தப் பக்கத்தில் பாக்கம் என்று முடியும் ஊர்கள் எவ்வளவோ. அவர் தாளின் ஓரத்தில் 'செங்கல்பட்டு' என்று தமிழில் எழுதித் தரச் சொன்னார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. பேரனுக்குக் காட்ட வேண்டும் என்றார். பேருந்து வந்ததும் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் இதை அம்மாவிடம் சொன்னபோது, பாட்டி தன் பாட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தார். தேவாரமும் திருப்புகழும் ரோமன் எழுத்தில் அச்சடித்த புத்தகம். பாட்டிக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம், பொருள் கொஞ்சம்தான் தெரியும். எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான். நான் ஒரு பாட்டுக்குப் பொருள் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் இன்னும் நாலு பாட்டிகள் தங்கள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள்.

இங்கே தமிழ் படித்தவர்களுக்கு வேலை பள்ளிக்கூடம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். பெரியவரும் பாட்டிகளும் தேடியது பள்ளிக்கூடத்தில் கிடைக்காத ஒன்று. அதற்குச் சம்பளம் கொடுக்கும் நாற்காலி இப்போது அதிகம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இரண்டு காலும் தரையில் இருக்கும்படி ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். முதலில் ஆசிரியர் வழி. பட்டத்துக்குப் பிறகு ரெதுயியில் உள்ள கல்வியியல் நிறுவனத்தில் பயிற்சிக்கு விண்ணப்பம். காத்திருக்கும் காலத்தில் தற்காலிக ஆசிரியர் வேலை, டியூஷன். கூடவே பழைய ஆவணங்களைப் படிக்கவும் கணினியில் பட்டியலிடவும் கற்றுக்கொள்கிறேன். ஆவணத் துறையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் அவருடைய நேற்றைய நாளைக் கேட்டு, எந்த மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கி வந்தேன். இந்திய அரசின் உதவித்தொகையில் முதுகலைக்குத் தமிழ்நாடு போகும் வழியும் இருக்கிறது. அதற்கு அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போன மாதம் அந்த விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று அவராகவே கேட்டார்.

நகல்களெல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. பிரெஞ்சில் பேசப் பழக, எபென் தோழியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனில் அரை மணி நேரம் பேசுகிறேன்; பதிலுக்கு அவள் தம்பிக்குத் தமிழ்ப் பாடம். இந்த ஆண்டு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை லெ பூஸுக்குக் கூட்டிப் போகும் பொறுப்பு எங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறது. பரீட்சை முடிந்ததும் நாள் குறிப்போம்.